விரல் வைத்துக் காட்டும்படி ஒரு படம்

தொழில் யோசனைகளைத் திட்ட அறிக்கையாக எழுதுவதும், அவற்றை முதலாளிகள், பங்குதாரர்கள், வங்கிக் கடன் அதிகாரிகள் முன்னால் விளக்குவதும் பல வருடங்களாக என் வேலை. நல்ல யோசனை இருந்தும் அது எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேராமல் பாதியிலேயே நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர் மனதில் முழு அமைப்பும் ஓடிக்கொண்டிருக்கும். யார் வாங்குகிறார், யார் காசு தருகிறார், சரக்கு எங்கிருந்து வருகிறது, எல்லாமே அவருக்கு ஒரே நேரத்தில் தெரியும். ஆனால் வாயிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகத்தானே வரும்? கேட்பவர் அந்த வாக்கியங்களை வைத்துத் தன் மனதுக்குள் வேறொன்றைக் கட்டிக்கொள்வார். இருவரும் தலையாட்டுவார்கள். கொஞ்ச காலம் கழித்து, பணமும் செலவான பிறகு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆரம்பிக்கும்.

இதற்கு நான் நம்பிப் பயன்படுத்தும் வழி, தாளிலோ வைட்போர்டிலோ நாலு கட்டமும் சில கோடுகளும் போட்டுப் பேசுவது. பேச்சில் ஒரு கருத்தை மறுப்பது சுலபமில்லை. எங்கே மறுக்கிறோம் என்று சொல்லவே அஞ்சாறு வாக்கியம் வேண்டும். அதுவும் முதலாளி பேசும்போது குறுக்கே விழுந்து சொல்ல வேண்டும். படம் முன்னால் இருந்தால் ஒரு விரல் போதும். "இந்த இடம் எனக்குச் சரியாப் படலை" என்று தொட்டுக் காட்டிவிடலாம். அப்படித் தொட்டுக் காட்ட இடம் கொடுக்கிற படம்தான் நல்ல படம் என்பது என் அளவுகோல். கீழே சொல்லப்போவது எல்லாம் அதை ஒட்டித்தான்.

அம்புக்குறிக்குப் பெயர் வையுங்கள்

இயந்திரங்களை விற்று, உதிரிபாகமும் சப்ளை செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மாற நினைத்தது. பழுதானால் கூப்பிடு, பில் போடுகிறோம் என்பதற்குப் பதிலாக, வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பராமரிப்பு முழுக்க எங்கள் பொறுப்பு. வருமானம் சீராக வரும், வாடிக்கையாளரும் விட்டுப் போகமாட்டார். மீட்டிங்கில் எல்லோருக்கும் பிடித்துப்போன யோசனை. கேட்டவரை எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அறிக்கை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நாலு கட்டம் போட்டேன்: நிறுவனம், வாடிக்கையாளர், உதிரிபாக சப்ளையர், சர்வீஸ் ஆட்கள். சரக்கும் வேலையும் போகும் திசைக்குக் கறுப்புக் கோடு, பணம் போகும் திசைக்கு நீலக் கோடு. ஒவ்வொரு கோட்டின் மேலும் என்ன போகிறது என்று ரெண்டு சொல். அவ்வளவுதான் படம். பத்து நிமிஷ வேலை.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த கணக்காளர் அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தார். பென்சிலை எடுத்து நீலக் கோடு ஒவ்வொன்றின் மேலும் 'முன்' அல்லது 'பின்' என்று எழுதிக்கொண்டே போனார். சப்ளையருக்குப் பணம், முன். பாகங்களை ஸ்டாக் வைத்தால்தானே உடனே போய்ப் பழுது பார்க்க முடியும்? சர்வீஸ் ஆட்களுக்குச் சம்பளம், அதுவும் முன். வாடிக்கையாளரிடமிருந்து வரும் தொகை? மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேலை முடிந்த பிறகு. பின். வெளியே போகிற கோடு எல்லாம் 'முன்', உள்ளே வருகிற ஒரே கோடு 'பின்'. அவர் ஒரு வாக்கியமும் சொல்லவில்லை, பென்சிலைக் கீழே வைத்தார். முதலாளி தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே பேனாவை எடுத்து வாடிக்கையாளரிடமிருந்து வரும் கோட்டில் 'பின்' என்பதை அடித்துவிட்டு, "முன்பணமாக் கட்டினா தொகையைக் குறைச்சுக் குடுப்போம். இப்ப எப்படி வருது பாருங்க மேடம்" என்றார். திட்டம் அந்த இடத்தில்தான் திட்டமாக மாறியது.

இதே சந்தேகம் அந்த அம்மா மனதில் முதலிலிருந்தே இருந்திருக்கும். அதைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் யாருக்கு என்ன தருகிறார் என்ற இந்தப் படத்தைத்தான் எந்தத் தொழிலுக்கும் முதலில் போடுகிறேன். இதில் முக்கியம் கட்டம் இல்லை, கோடுதான். பெயரில்லாத அம்புக்குறி எதையும் சொல்லாது. 'நிறுவனம்' என்ற கட்டத்திலிருந்து 'வாடிக்கையாளர்' என்ற கட்டத்துக்கு வெறும் அம்பு போட்டால் பார்க்கிறவர் தனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். 'பில் அனுப்புகிறது', 'பழுது பார்க்கிறது', 'கடனாகச் சரக்கு தருகிறது' என்று வினையோடு எழுதினால் தப்பிக்க வழியில்லை. ஒரு கோட்டுக்கு வினைச்சொல் கிடைக்கவில்லை என்றால், அந்த இடத்தில் யோசனையே இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். கறுப்பு-நீலம் பாதுகாப்பான ஜோடி. அதோடு பணத்துக்கு இரட்டைக் கோடு என்று வைத்துக்கொண்டால், கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் படம் செத்துப்போகாது.

இரண்டு கோடு, நடுவில் ஒரு இடைவெளி

கடன் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் எக்செல் தாள்களில் மாதம் மாதமாக எண்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் சரியான எண்கள்தான். ஆனால் எதிரில் இருக்கிற அதிகாரி கேட்க நினைப்பது இரண்டே கேள்வி: மிக ஆழமாக எவ்வளவு பணம் மாட்டும், எப்போது வெளியே வரும்? அந்த இரண்டுக்கும் பதில் முப்பத்தாறு கட்டங்களுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்.

நான் வரைவது இதுதான். கிடைக்கோட்டில் மாதங்கள். அதுவரை வெளியே போன மொத்தப் பணம் ஒரு கோடு, அதுவரை உள்ளே வந்த மொத்தப் பணம் இன்னொரு கோடு. முதல் கோடு முன்னாலேயே ஏறிவிடும், இரண்டாவது பின்னால் மெதுவாக ஏறும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி எங்கே மிக அகலமோ, அதுதான் தேவைப்படும் பணம். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம், போட்ட பணம் திரும்பி வந்த நாள். இதைக் காட்டியதும் பேச்சின் போக்கே மாறிவிடும். "இவ்வளவு கடன் எதுக்கு?" என்று கேட்டவர், "இந்த இடைவெளியைக் குறைக்க சப்ளையர்கிட்ட முப்பது நாள் தவணை கேட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்க ஆரம்பிப்பார். இது கூட உட்கார்ந்து யோசிக்கிறவர் கேட்கிற கேள்வி.

இந்த முறைக்கு வயது இருநூறுக்கும் மேல். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-இல் இங்கிலாந்தின் வெளிநாட்டு வணிகத்தைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டார். ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு, நடுவில் உள்ள இடத்துக்கு நிறம். அதுவரை அட்டவணையாகக் கிடந்த எண்களில் யார் பக்கம் சாதகம், எந்த வருடம் அது புரண்டது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு கோடு என்பதைவிட, இடைவெளியைப் பேசவைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடன் விண்ணப்பத்திலும் சொல்ல வேண்டிய செய்தி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நாலு கட்டப் படத்தின் வம்பு

ஒரு கூட்டல் குறி போட்டு நாலு கட்டமாகப் பிரிக்கும் படத்தைப் போல இவ்வளவு பயன்படுத்தப்படுவதும் இவ்வளவு கெடுக்கப்படுவதும் வேறில்லை. பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற நிர்வாக ஆலோசனை நிறுவனத்தின் புரூஸ் ஹென்டர்சன் 1970-இல் இதைத் தொழில்களை எடைபோடப் பயன்படுத்தியது பலருக்குத் தெரியும். நட்சத்திரம், பணம் தரும் பசு, கேள்விக்குறி, நாய் என்ற நாலு பெயர்கள் பிரபலமாகிவிட்டன. ஆனால் பெயர்களைவிட அச்சுகளைப் பாருங்கள். ஒன்று, அந்தச் சந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது. இன்னொன்று, அதில் மிகப் பெரிய போட்டியாளரோடு ஒப்பிட்டால் நம் பங்கு எவ்வளவு. இரண்டையும் நம் விருப்பு வெறுப்பில்லாமல் மூன்றாவது ஆள் ஒருவர் அளந்து சொல்ல முடியும். வளர்ச்சி பணத்தை விழுங்கும், பெரிய பங்கு பணத்தைத் தரும் என்ற ஒரு வாதம் அந்த அச்சுகளுக்குப் பின்னால் இருந்தது.

இப்போது என்னிடம் வரும் ஸ்லைடுகளில் அச்சுகள் 'தரம்', 'புதுமை' என்று இருக்கும். போட்டியாளர்கள் எல்லோரும் இடது கீழ் மூலையில் குவிந்திருப்பார்கள். வலது மேல் மூலையில் நம் நிறுவனம் மட்டும் தனியாக ஜொலிக்கும். அது விளம்பரம். பார்க்கிற யாரும் அதை நம்புவதில்லை, விரல் வைத்து மறுக்கவும் அதில் இடமில்லை. தரம் என்றால் எந்தத் தரம், யார் அளந்தது?

இந்தப் படம் வரையும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம். முதலாவது, போட்ட புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டமாக ஒரே கோட்டில் விழுகின்றனவா? அப்படி விழுந்தால் இரண்டு அச்சும் வேறு வேறு பெயரில் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. ஒன்றைத் தூக்கிவிட்டு வேறொன்று தேட வேண்டும். இரண்டாவது, நமக்குப் பாதகமான ஒரு புள்ளியாவது படத்தில் இருக்கிறதா? விலையையும் டெலிவரி வேகத்தையும் அச்சாக வைத்தால் நம்மைவிட மலிவானவர் ஒருவர் இருப்பார், வேகமானவர் ஒருவர் இருப்பார். நாம் எங்கே நிற்கிறோம், ஏன் அங்கே நிற்கத் தீர்மானித்தோம் என்று பேசலாம். கேட்பவருக்கும் நம் மேல் நம்பிக்கை வரும்.

ஒரு முறை, எந்தெந்த வேலைகளை முதலில் கணினிமயமாக்குவது என்று முடிவெடுக்க ஒரு குழுவோடு உட்கார்ந்தேன். ஒட்டும் துண்டுச் சீட்டுகளில் ஒவ்வொரு வேலையையும் எழுதி, 'பலன்', 'செய்ய எளிது' என்ற இரண்டு அச்சுகளில் ஒட்டச் சொன்னோம். 'ஆர்டர் பதிவு' என்ற சீட்டை விற்பனைத் தலைவர் மிக எளிது என்ற கோடியில் ஒட்டினார். உற்பத்தித் தலைவர் எழுந்து போய் அதே சீட்டைப் பிடுங்கி எதிர்க் கோடியில் ஒட்டினார். விற்பனைக்காரருக்குப் போனில் நாலு பட்டனைத் தட்டும் வேலை. உற்பத்திப் பக்கம் அந்த ஆர்டரைப் புரிந்துகொள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் குறியீடு போட்டு முடித்திருக்க வேண்டும், அது ஆறு மாத வேலை. ஒரே சொல்லை ரெண்டு பேரும் இவ்வளவு காலம் வேறு வேறு பொருளில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அச்சை 'யாருக்கு எளிது' என்று கேட்டு இரண்டாகப் பிரித்தோம். படம் நாலு கட்டமாகவே நிற்கவில்லை, ஆனால் முடிவு கிடைத்தது. அந்தச் சீட்டு இடம் மாறிய அந்தக் கணத்துக்காகவே இந்தப் படத்தைப் போடலாம்.

விரிவாக்கம் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு நிர்வாகவியல் அறிஞர் இகோர் அன்சாஃப் 1957-இல் வெளியிட்ட நாலு கட்டம் போதும். பக்கவாட்டில் பழைய பொருள், புதிய பொருள். செங்குத்தாகப் பழைய சந்தை, புதிய சந்தை. நான் பேனாவைக் கொடுத்து, "நீங்க போகப்போற இடத்துல ஒரு புள்ளி வைங்க" என்று மட்டும் சொல்வேன். புதிய பொருளைப் புதிய ஆட்களிடம் விற்கப்போகிறோம் என்பது பலருக்குப் புள்ளி வைக்கும்போதுதான் உறைக்கும். பேச்சில் அது 'அடுத்த படி' என்றுதான் ஒலித்துக்கொண்டிருந்தது. இதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கேள்விக்குத்தான் அது.

மரமாகப் பிரிப்பது

"விற்பனையைக் கூட்டணும்" என்பது ஆசை. அதை வேலையாக மாற்ற ஒரு மரம் வரைய வேண்டும். உச்சியில் விற்பனை. அதற்குக் கீழே மூன்று கிளை: எத்தனை வாடிக்கையாளர், வருடத்தில் எத்தனை முறை வாங்குகிறார்கள், ஒரு முறைக்கு எவ்வளவுக்கு வாங்குகிறார்கள். மூன்றையும் பெருக்கினால் விற்பனை. மூன்றிலும் பத்துப் பத்து சதவீதம் கூடினால் மொத்தம் 33 சதவீதம் கூடும் என்று போட்டுக் காட்டினால் அறையில் ஒரு சலசலப்பு வரும். புதிய வாடிக்கையாளரைத் தேடுவதிலேயே முழுச் சக்தியையும் போட்டுக்கொண்டிருந்தவர், பழைய வாடிக்கையாளர் ஏன் இரண்டாம் முறை வரவில்லை என்ற கிளையை அப்போதுதான் பார்ப்பார்.

1910-களில் டுபான்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் செய்தது இதைத்தான். முதலீட்டின் மீதான வருமானத்தை இரண்டாகப் பிரித்தார்: விற்பனையில் எத்தனை சதவீதம் லாபம், போட்ட மூலதனம் வருடத்தில் எத்தனை தடவை சுழல்கிறது. ஒவ்வொன்றையும் கீழே கீழே பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் சரக்கு இருப்பு, கூலி, வராத பாக்கி என்று யாராவது ஒருவர் பொறுப்பேற்கக்கூடிய இடத்துக்கு வந்துவிடும். அந்த வரைபடங்களை மாட்டிவைத்துப் பார்த்துப் பேசுவதற்கென்றே அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தனி அறை இருந்தது. இன்றைய டாஷ்போர்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறை ஞாபகம் வரும்.

மரத்துக்கு ஒரே விதிதான், ஆனால் கண்டிப்பான விதி. கீழே உள்ள கிளைகளைக் கூட்டினாலோ பெருக்கினாலோ மேலே உள்ளது அப்படியே வர வேண்டும். 'விற்பனை' என்பதற்குக் கீழே 'ஊழியர் உற்சாகம்', 'பிராண்ட்' என்று எழுத ஆரம்பித்தால் அது மரமில்லை, பட்டியல். அந்த விஷயங்கள் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எந்தக் கிளையின் எண்ணை அவை மாற்றும் என்று கேட்டு, அந்த இடத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

புனல் வடிவம் வேண்டாம்

விசாரிக்கிறவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைப் புனல் மாதிரி வரைவது வழக்கம். எனக்கு இந்த வடிவம் பிடிப்பதில்லை. புனலில் மேலே ஊற்றியதெல்லாம் கொஞ்சம் தாமதமானாலும் கீழே வந்து சேர்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை, வழியிலேயே விட்டுப் போகிறவர்கள்தான் செய்தி. அதோடு, சரிவான பக்கங்கள் உள்ள வடிவத்தில் எந்தப் படியில் எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் அளக்க முடியாது. புள்ளியியல் ஆய்வாளர்கள் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரே அளவுகோலில் வைத்த இடத்தையும் நீளத்தையும் மனிதர்கள் நன்றாக ஒப்பிடுகிறார்கள். கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறார்கள்.

அதனால் நான் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பட்டைகள் போடுகிறேன், எல்லாம் இடது ஓரத்தில் ஒரே கோட்டிலிருந்து தொடங்கும். உதாரணத்துக்கு, 1,000 பேர் விசாரித்தார்கள், 400 பேருக்குக் கொட்டேஷன் போனது, 60 பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் கண் 400-லிருந்து 60-க்கு விழுந்த இடத்தில்தான் நிற்கும். விலையைக் குறைக்கலாமா என்று யோசிப்பார். பட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் பட்டைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் காணாமல் போன நீளம்தான் பெரிது. அந்த 600 பேர் விலையைப் பார்த்து விட்டுப் போனவர்கள் இல்லை, விலையே அவர்களுக்குப் போகவில்லை. விலையைக் குறைப்பதற்கு முன் கொட்டேஷன் ஏன் போகவில்லை என்று கேட்கலாமே. வட்டப் படத்தில் துண்டு துண்டாகப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

சுழலும் படங்கள்

வட்டமாக அம்புகள் போட்டு, ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது என்று காட்டும் படம் இப்போது எல்லா ஸ்லைடிலும் இருக்கிறது. அமேசானின் சுழற்சி இதற்குப் பிரபலமான உதாரணம்: விலை குறைந்தால் வாடிக்கையாளர் வருவார், வாடிக்கையாளர் கூடினால் விற்பனையாளர்கள் வந்து சேர்வார்கள், தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் பொருள்கள் கூடும், வியாபார அளவு பெருகினால் செலவு குறையும், மறுபடி விலை குறையும். அதில் ஒவ்வொரு அம்புக்கும் காரணம் இருக்கிறது. இந்தப் படத்தைச் சோதிக்க நான் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன், ஒவ்வொரு அம்பிலும் 'அதனால்' என்ற சொல்லைப் போட்டு. "வாடிக்கையாளர் கூடுவார்கள், அதனால் தரம் உயரும்" என்று வாசிக்கும்போதே வாசிப்பவர் குரல் தயங்கும். ஏன் உயரும்? ஆள் கூடினால் தரம் குறையத்தானே வாய்ப்பு அதிகம்? தயங்கிய அம்புதான் நாம் பேச வேண்டிய அம்பு. அப்புறம் ஒரு கேள்வி: முதல் தள்ளு யார் கொடுப்பது, எந்தப் பணத்தில்?

ஒன்பது கட்டம்

அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டரின் ஒன்பது கட்டத் தொழில்மாதிரிப் படத்தை (பிசினஸ் மாடல் கேன்வாஸ்) பற்றிச் சொல்லாமல் போனால் கேட்பீர்கள். எதையும் மறக்காமல் இருக்க அது அருமையான கருவி. கூட்டாளிகள் யார், எந்த வழியாகப் பொருள் போகிறது, செலவு எங்கே என்று ஒவ்வொரு கட்டமும் நம்மைக் கேட்கும். உள்ளுக்குள் வேலை செய்யும்போது நான் அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் முறை கேட்கிறவர் முன்னால் அதை விரிப்பதில்லை. எந்தத் தொழிலிலும் உயிர் ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும். ஒன்பதையும் ஒரே நேரத்தில் காட்டினால் அந்த இடம் எது என்று கேட்பவர்தான் தேட வேண்டியிருக்கும். ஒன்பதையும் நிரப்பிவிட்டு, அதிலிருந்து மூன்று கட்டத்தை மட்டும் வெளியே எடுத்து, அவற்றுக்கு நடுவில் உள்ள கோடுகளோடு புதிதாக வரைவது என் வழக்கம்.

எத்தனை என்ற கேள்விக்கு உளவியல் ஆய்வுகளிலும் பதில் உண்டு. ஜார்ஜ் மில்லர் 1956-இல் மனம் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடியது ஏழு, ஒன்றிரண்டு கூடக் குறைய என்று எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை மறுபடி பார்த்து, நாலு அளவில்தான் என்றார். நான் நாலை வைத்துக்கொள்கிறேன். ஐந்தாவது கட்டம் அவசியம் என்றால், முதல் நாலைப் பேசி முடித்த பிறகு, அவர்கள் கண் முன்னாலேயே வரைகிறேன். முடிந்த படத்தைக் காட்டுவதற்கும் பார்க்கப் பார்க்க வரைவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வரையும்போது கண் பேனா முனையோடு வரும், கேள்வியும் அந்தந்த இடத்திலேயே வரும். ஸ்லைடில் முழுப் படமும் வந்து நின்றுவிட்டால், நாம் இடது மூலையை விளக்கும்போது அவர் வலது மூலையைப் படித்துக்கொண்டிருப்பார். காணொளி அழைப்பிலும் கேமராவைத் தாளின் மேல் திருப்பிவைத்து வரையலாம், நான் செய்கிறேன்.

எதை விடுவது என்பதற்கு லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை நினைத்துக்கொள்வேன். ஹாரி பெக் 1931-இல் அதை வரைந்தபோது நிலையங்களுக்கு நடுவில் உள்ள உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் தூக்கி எறிந்தார். முதலில் நிர்வாகம் அதை ஏற்கவில்லை. 1933-இல் அச்சிட்டுக் கொடுத்ததும் பயணிகள் பிடித்துக்கொண்டார்கள். ரயிலுக்குள் இருப்பவருக்கு வேண்டியது எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதுதான், தூரம் இல்லை. தொழில் படத்தில் விவரத்தை விடும்போது எனக்குப் பின்னாலிருந்து பொறியாளர் ஒருவர் "அது அவ்வளவு சிம்பிள் இல்லை சார்" என்பார். உண்மைதான். இன்று கேட்கிறவரின் கேள்விக்கு அந்த விவரம் பதிலை மாற்றுமா என்று அவரையே திருப்பிக் கேட்பேன். மாற்றும் என்றால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

விட்டுவிட்டுப் போடும் கோடு

படத்துக்கு ஓர் ஆபத்து உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். வரைந்துவிட்டால் எல்லாமே நிச்சயமானது போலத் தெரியும். 'டீலர்' என்ற கட்டத்தைப் போட்டு ஒரு அம்பும் போட்டுவிட்டால், அந்த டீலர் இன்னும் சம்மதிக்கவே இல்லை என்பது மறைந்துபோகும். கணினியில் நேர்த்தியாகச் செய்து நிறமும் நிழலும் கொடுத்த படத்தில் இந்த ஆபத்து அதிகம். அவ்வளவு வேலை செய்து முடித்ததைப் பார்த்ததும் திருத்தம் சொல்லவே பலர் தயங்குவார்கள். கையால் போட்ட கோணல் கட்டத்தை யாரும் கூச்சமில்லாமல் அடிப்பார்கள். அதனால் முடிவு எடுக்கும்வரை என் படங்கள் கையால் போட்டவையாகவே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதற்கு முழுக் கோடு. நடக்கும் என்று நாம் நம்புவதற்கு விட்டுவிட்டுப் போடும் கோடு. ஒப்பந்தம் கையெழுத்தானால், முதல் ஆர்டர் வந்தால், அந்தக் கோட்டை நிரப்பலாம். இதைச் செய்துவிட்டுப் படத்தைத் தள்ளி நின்று பார்த்தால் திட்டத்தின் நிலைமை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகத் தெரியும். புதிதாகத் தொடங்கும் ஓர் இளைஞர் குழுவின் படத்தில் சப்ளையரிடமிருந்து வரும் ஒரு கோடு மட்டும்தான் முழுதாக இருந்தது. மற்றவை எல்லாம் புள்ளிப் புள்ளியாக நின்றன. அவர்களில் ஒருவர் சோர்ந்துபோய், "இதை வச்சுக்கிட்டு எப்படி சார் கடன் கேட்கப் போறது?" என்றார். அப்படியே கொண்டுபோங்கள் என்றேன். அவர்கள் விட்டுவிட்டுப் போட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், அதை முழுக் கோடாக்க யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதினார்கள். அந்தப் படத்திலேயே அடுத்த மூன்று மாத வேலைத்திட்டம் வந்துவிட்டது.

கடன் அதிகாரி அந்தத் தாளை வாங்கிவைத்துக்கொண்டார். அவர் தன் மேலதிகாரியிடம் அதை விளக்க வேண்டும். அப்போது அங்கே அந்த இளைஞர்களும் இருக்கமாட்டார்கள், நானும் இருக்கமாட்டேன். நான் எப்போதும் செய்கிற மாதிரி, "ஒரு தடவை நீங்களே வெறும் தாள்ல போட்டுக் காட்டுங்க சார், நாங்க பேசாம இருக்கோம்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் மூன்று கட்டம் போட்டார், கோடுகளைப் போட்டார், விட்டுவிட்டு வரும் கோடுகளையும் அப்படியே போட்டார், சரியாக விளக்கினார். எங்கள் படத்தில் இருந்த நாலாவது கட்டம், சரக்கு அனுப்பும் ஏஜென்சி, அவர் வரைந்ததில் இல்லை. அது இல்லாமலேயே அவருடைய விளக்கம் நின்றது. அடுத்த வங்கிக்குக் கொண்டுபோன படத்தில் நாங்களும் அதை எடுத்துவிட்டோம்.